அப்பாவின் கைத்தடிச் சத்தம்: இதை யாரிடம் சொல்வது?

நாலரைமணி (இழையைத் தொடங்கியவர்):

ஐந்து மாதத்துக்கு முன்னால் அப்பா தவறிவிட்டார். அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் அவர்கள் இருந்த வீட்டுக்கே நானும் குடிவந்துவிட்டேன்.

அப்பா கடைசி ஏழு வருடமும் கைத்தடி ஊன்றித்தான் நடந்தார். தடியின் அடியில் இருந்த ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்து கிழிந்து, உள்ளே இருக்கும் இரும்பு வளையம் தரையில் படும். அதனால் வெறும் 'டொக்' என்று கேட்காது. 'டொக்' முடிகிற இடத்தில் மெல்லிய ஓர் இரும்புச் சத்தமும் சேர்ந்து வரும். புது ரப்பர் மாட்டச் சொல்லி எத்தனையோ முறை சொன்னேன். கடைசிவரை மாட்டவே இல்லை.

நான் குடிவந்த மூன்றாம் நாள், விடிகாலை நாலரை மணி. அந்தச் சத்தம் கேட்டது. அப்பா படுத்திருந்த அறைப் பக்கமிருந்து டொக்... டொக்... டொக். போகப்போக இடைவெளி கூடிக்கொண்டே போனது, யாரோ நடந்து தூரமாகப் போவது போல. நான் முழுதாக விழித்துத்தான் இருந்தேன். கையில் போன் வைத்திருந்தேன், மணி பார்த்தேன். எழுந்து போய்ப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. கூடத்தில் படுத்திருந்த அம்மா இருட்டிலேயே மெதுவாகக் கேட்டார்: "கேட்டுச்சா?" நான் "ம்" என்றேன். அதற்குமேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை. காலையிலும் பேசவில்லை.

அதன் பிறகு வாரத்தில் நாலைந்து நாள் கேட்கிறது. இரண்டு முறை அவருடைய இருமலும் கேட்டது. தொண்டையைச் செருமிவிட்டு ஒரே ஒரு இருமல், அவர் இருமுவது போலவே.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் இதைக் கேட்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. பயம் என்று சொல்வதைவிட, காதில் விழுந்ததை யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருப்பதுதான் பாரமாக இருக்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

இரவுப்பணி:

முதலில் அப்பாவின் இழப்புக்கு என் வருத்தங்கள். உங்களுக்குப் புத்தி பேதலிக்கவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் மருத்துவமனையில் இரவு வேலை பார்ப்பவள். பகலில் தூங்குவேன். ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள் நண்பகலில் மல்லாந்து படுத்திருந்தபோது கண் விழித்தேன். கை கால் அசையவில்லை. அலமாரிக்குப் பக்கத்தில் ஒருத்தி நின்றாள். முகம் தெரியவில்லை, ஈரத் துணி போன்ற வாசனை மட்டும் வந்தது. அவள் கட்டில் ஓரமாக வந்து என் நெஞ்சின் மேல் குனிந்தாள். கத்த நினைத்தேன், குரல் எழவில்லை. சட்டென்று வலது கையின் சுண்டு விரல் அசைந்தது. அவள் இல்லை.

அமுக்குவான் பேய் என்று நாம் சொல்வது இதைத்தான். கனவு காணும் தூக்கத்தில் நாம் எழுந்து கனவை நடத்திக் காட்டிவிடாதபடி மூளை தசைகளைக் கட்டிப் போட்டுவிடுகிறது. சில சமயம் கண் விழித்த பிறகும் அந்தக் கட்டு அவிழ்வதில்லை, கனவும் முழுதாகக் கலைவதில்லை. பாதிக் கனவு நம் அறைக்குள்ளேயே ஓடுகிறது. தூக்கம் கெட்டவர்கள், நேரம் மாறி மாறித் தூங்குபவர்கள், மல்லாந்து படுப்பவர்களுக்கு இது அதிகம். வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் என்று 2011-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. ஜப்பானில் இதற்குக் கனஷிபாரி என்று பெயர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழவி வந்து உட்கார்ந்தாள் என்பார்கள். ஊருக்கு ஊர் பெயர்தான் மாறுகிறது, அந்த நெஞ்சுப் பாரம் ஒன்றுதான்.

இத்தனையும் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் எனக்கு இன்னும் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் பயந்தேன். விளக்கம் தெரிந்ததால் பயம் போகவில்லை, பயம் சீக்கிரம் முடிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் உங்களுடையது இது இல்லை என்றுதான் தோன்றுகிறது. நீங்கள் அசைய முடிந்திருக்கிறது, போனைப் பார்த்திருக்கிறீர்கள், அம்மாவும் கேட்டிருக்கிறார்.

பகுத்தறி:

நண்பரே, நேராகவே சொல்கிறேன். ஆவி என்று ஒன்று இல்லை. கேட்டது ஏதோ ஒரு சத்தம், துக்கத்தில் இருக்கும் மனம் அதற்கு அப்பாவின் பெயரை வைத்துவிட்டது. காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வாகவும் இருக்கலாம். இங்கிலாந்தில் விக் டேண்டி என்ற பொறியாளர் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் காரணமில்லாமல் மனம் கலங்கியது. அவருக்குக் கண்ணோரத்தில் சாம்பல் நிற உருவமே தெரிந்தது. மறுநாள் இடுக்கியில் பொருத்தி வைத்த வாள்வீச்சுக் கத்தி தானாகவே ஆடுவதைப் பார்த்துத் தேடினார். புதிதாக மாட்டிய காற்று வெளியேற்றும் விசிறியிலிருந்து 19 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்வு வந்துகொண்டிருந்தது. 1998-இல் அதைக் கட்டுரையாக எழுதினார். எந்தப் பேய்க் கதையைக் கிண்டினாலும் கடைசியில் இப்படித்தான் முடியும்.

இதை வளர்க்காதீர்கள். அம்மாவிடமும் உடனே பேசி முடித்துவிடுங்கள்.

வெண்பனி:

பகுத்தறி அவர்களே, நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். அதைச் சொல்கிற நேரமா இது?

என் கணவர் போய் மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் முழுக்க, நான் படுத்த பிறகு மெத்தையின் அந்தப் பக்க ஓரம் மெதுவாக அமுங்கும். ஒருவர் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினால் எப்படி அமுங்குமோ அப்படி. திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் இல்லாமல் போய்விடும் என்று தெரியும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே சீக்கிரம் படுக்கப் போவேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு, அவர் எங்கோ நலமாக இருக்கிறார் என்ற நம்பிக்கையும் உண்டு. பெற்ற மகளிடம்கூட இதை இதுவரை சொன்னதில்லை. நாலரைமணி அவர்கள் முதலில் சொன்னதால் நானும் இங்கே எழுதுகிறேன்.

இரவுப்பணி:

வெண்பனி அக்கா, உங்களைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசி, 1971-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானவர்கள் இறந்த துணையை ஏதோ ஒரு வகையில் உணர்ந்ததாகச் சொன்னார்கள். பலருக்கு அவர் பக்கத்தில் இருப்பது போல இருந்திருக்கிறது. சிலர் பார்த்திருக்கிறார்கள், சிலர் குரல் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கிறது. ஆனால் அவர்களில் பெரும்பகுதியினர் ரீஸ் கேட்கும்வரை ஒருவரிடமும் அதைச் சொன்னதில்லை.

வார்டிலும் இதைப் பார்க்கிறேன். துணையை இழந்த வயதானவர்களிடம் "இன்னும் பக்கத்திலே இருக்கிற மாதிரி இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டால் போதும், அப்படியே உடைந்துவிடுவார்கள். அதுவரை யாரும் அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

தாள்பேனா:

டேண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் அதை எடுத்து ஒட்ட முடியாது. லண்டனில் ஓர் அறையையே இதற்காகக் கட்டி, தாழ்ந்த அதிர்வும் மின்காந்தப் புலமும் வரும்படி அமைத்து, 79 பேரை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிப் பார்த்தார்கள். 2009-இல் முடிவு வெளிவந்தது. பலருக்கு விசித்திரமான அனுபவங்கள் வந்தன. ஆனால் கருவி ஓடியதா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை. 'இங்கே ஏதாவது நடக்கலாம்' என்று முன்பே சொல்லி அனுப்பியதுதான் வேலை செய்திருக்கும் என்று அவர்களே எழுதினார்கள். ஆவி என்று சொல்பவரிடம் ஆதாரம் கேட்கிறோம். அதிர்வு என்று சொல்பவரிடமும் அதையே கேட்க வேண்டும் அல்லவா?

நாலரைமணி அவர்களுக்கு என் யோசனை ஒன்றே ஒன்று. ஒரு நோட்டு வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். சத்தம் கேட்ட அதே நிமிடத்தில் தேதி, மணி, எத்தனை தட்டு, எந்தப் பக்கம், விழித்திருந்தீர்களா என்று எழுதுங்கள். எங்களிடம் சொல்வதற்கு முன்பே, அம்மாவிடம் பேசுவதற்கும் முன்பே எழுதிவிடுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாம் நினைவிலிருந்து எடுப்பது நடந்ததை அல்ல, கடைசியாக எப்படிச் சொன்னோமோ அதைத்தான். 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார் உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் மீண்டும் கேட்டார். 11 பேர் சொன்னதில் முக்கிய விவரம் ஒன்றுகூடப் பழைய தாளோடு ஒத்துப்போகவில்லை. ஆனாலும் அடித்துச் சொன்னார்கள். சொந்தக் கையெழுத்தைக் காட்டியபோதும் புது நினைவைத்தான் நம்பினார்கள். பேய்க் கதைகளில் பொய் சொல்பவர்கள் குறைவு. பத்து முறை சொன்ன கதையை உண்மையாகவே நினைவு வைத்திருப்பவர்கள்தான் அதிகம்.

எனக்கு அனுபவம் உண்டா என்று கேட்டால், உண்டு. கல்லூரி நாளில் ஒரு நண்பனைப் பற்றி நினைத்த நொடியில் அவன் இறந்த செய்தி வந்தது. பல வருடம் அதை ஒரு அதிசயமாகவே வைத்திருந்தேன். அப்புறம்தான் லூயிஸ் ஆல்வரஸ் என்ற இயற்பியலாளர் 1965-இல் போட்ட கணக்கைப் படித்தேன். தெரிந்த ஒருவரை நினைத்த ஐந்தே நிமிடத்தில் அவர் இறந்த செய்தி கிடைப்பது, அமெரிக்கா அளவுள்ள நாட்டில் தற்செயலாகவே நாளுக்கு ஏறக்குறைய 10 முறை நடக்கும் என்றார் அவர். கணக்கு சரிதான். என்றாலும் அந்த நொடி என் உடம்பில் ஓடிய சிலிர்ப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. கணக்கு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பகுத்தறி:

தாள்பேனா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். அதிர்வு என்று நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். வெண்பனி அம்மா, உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஏன் எனக்கு இந்தப் பேச்சு வந்தாலே பதறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கைக்குப் பதினாறு வயதில் திடீர் திடீரென்று யாரோ பின்னால் நிற்பது போல இருக்கும். எரிந்த ரப்பர் வாசனை வரும், ஒரு நிமிடம் கண் நிலைகுத்திப் போகும். வீட்டில் பேய் என்றே முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு வருடம் மந்திரவாதிகளிடம் அலைந்தோம். ஒருவன் அவளைக் கன்னத்தில் அடித்தான், நான் பக்கத்தில்தான் நின்றேன், ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் பத்தே நிமிடத்தில் சொன்னார்: வலிப்பு, மூளையின் பக்கவாட்டில் தொடங்குகிற வகை. மாத்திரை ஆரம்பித்தோம், நின்றுவிட்டது. அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். அந்த இரண்டு வருடம் எனக்கு இன்னும் ஆறவில்லை. யாராவது 'கேட்டது, தெரிந்தது' என்றால் எனக்கு உடனே அவள் முகம்தான் வரும்.

வெண்பனி:

தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மந்திரவாதியை என்னைப் போல் நம்பிக்கை உள்ளவர்கள்தான் முதலில் தட்டிக் கேட்டிருக்க வேண்டும். என் நம்பிக்கை எனக்குள் இருக்கும்வரை யாருக்கும் கேடு இல்லை. அதை இன்னொருவர் உடம்பின் மேல் ஏற்றி வைக்கிறபோதுதான் பாவம்.

குழாய்வேலை:

இருபது வருடமாகக் கட்டடங்களில் குழாய் வேலை செய்கிறேன். நம்பிக்கை விஷயம் எனக்குத் தெரியாது, சத்தம் தெரியும். நாலரைமணி ஐயா எழுதியதில் ஒரு வரி எனக்கு உறைத்தது. தட்டுகளுக்கு இடையே இடைவெளி கூடிக்கொண்டே போனது என்றீர்கள். இது வெந்நீர்க் குழாயின் சுபாவம்.

வெந்நீர் ஓடினால் குழாய் நீளும். மூன்று மீட்டர் செம்புக் குழாய் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீண்டுவிடும். சுவருக்குள் அதைக் கிளாம்ப் இறுக்கிப் பிடித்திருந்தால் சுலபமாக நகராது. சிக்கி நிற்கும், தாங்க முடியாதபோது ஒரு துள்ளு துள்ளும். அதுதான் 'டொக்'. தண்ணீரை மூடிய பிறகு ஆறும்போதும் இதேதான் திருப்பி நடக்கும். முதலில் வேகமாக ஆறும், தட்டுகள் நெருக்கமாக வரும். ஆற ஆற இடைவெளி கூடும். ஒருவர் நடந்து தூரமாகப் போவது மாதிரியே இருக்கும். கிளாம்ப் இரும்பாக இருந்தால் முடிவில் ஓர் உலோகச் சத்தமும் சேரும்.

மேல் வீட்டில் விடிகாலையில் யாராவது குளிக்கிறார்களா என்று விசாரியுங்கள். அப்புறம் ஒன்று, இது விளையாட்டில்லை: வீட்டில் கேஸ் ஹீட்டர் இருந்தால் இன்றே ஆளைக் கூப்பிட்டுச் சோதித்துவிடுங்கள். புகை சரியாக வெளியேறாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் தங்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, சோர்வு, குழப்பம் எல்லாம் அதனால் வரும்.

தாள்பேனா:

குழாய்வேலை சொல்வதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1921-இல் வில்மர் என்ற கண் மருத்துவர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். பழைய வீட்டுக்குக் குடிபோனதும் காலடிச் சத்தம், யாரோ இருப்பது போன்ற உணர்வு, தலைவலி, குழந்தைகளுக்கு உடம்பு வெளிறிப்போவது என்று எல்லாம் தொடங்கியிருக்கிறது. பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் உலை கெட்டு, புகை வீட்டுக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. சரி செய்தார்கள், எல்லாம் நின்றது. ஹீட்டரை உடனே பாருங்கள் நண்பரே.

நாலரைமணி:

எல்லோருக்கும் நன்றி. பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன்.

ஹீட்டர் மின்சாரத்தில் ஓடுவது, அந்தப் பயம் இல்லை. நோட்டு வைத்தேன். இரவு முழுக்கப் பதிவாகும்படி போனையும் அப்பா அறையில் வைத்தேன். 13 இரவுகள். அவற்றில் 9 இரவு சத்தம் கேட்டதாக எழுதியிருக்கிறேன். ஒன்பதும் பதிவில் இருக்கிறது. மணி 4.25-க்கும் 4.50-க்கும் நடுவில். மேல் வீட்டில் காலை ஷிப்ட் போகிறவர் ஒருவர் இருக்கிறார், வாரத்தில் ஐந்து நாள் நாலு மணிக்குக் குளிப்பாராம். சத்தம் இல்லாத நாலு இரவும் அவர் வேலைக்குப் போகாத நாட்கள். ஐந்தாவது இரவு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு எழுந்து போய் அப்பா கட்டிலுக்குப் பின்னால் சுவரில் காதை வைத்தேன். உள்ளங்கையை வைத்தேன். சுவர் இளஞ்சூடாக இருந்தது. டொக்கென்று அதிர்ந்தது கையில் தெரிந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான் இருந்திருக்கும்.

இப்போது என் கேள்வி வேறு. அம்மாவிடம் சொல்லலாமா? அவர் அப்பாதான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தால்?

பகுத்தறி:

ஒரு மாதம் முன்பு கேட்டிருந்தால் உடனே சொல்லுங்கள் என்றிருப்பேன். இப்போது சொல்கிறேன்: முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் என்ன நினைக்கிறார் என்பதே இன்னும் உங்களுக்குத் தெரியாது.

வெண்பனி:

கேட்டால் மறைக்காதீர்கள், கேட்காவிட்டால் திணிக்காதீர்கள். என் மெத்தைக்கும் ஒரு காரணம் இருக்கலாம், ஸ்பிரிங்கோ என்னவோ. இப்போது யாராவது வந்து சொன்னால் கேட்டுக்கொள்வேன். முதல் வருடத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

நாலரைமணி:

நேற்று இரவு கேட்டேன். "விடிகாலையில் ஒரு சத்தம் வருதே, அது என்னன்னு நினைக்கிறே?" என்றேன்.

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மேல் வீட்டு வெந்நீர்க் குழாய். இந்த வீட்டுக்கு வந்த நாளிலேர்ந்து உண்டு. அது தட்டினாத்தான் உங்கப்பா எழுந்து தடியைத் தேடுவார். எனக்கு அதுதான் அலாரம்" என்றார். கொஞ்சம் கழித்து, "இப்பவும் அது கேட்டா அடுத்து அவர் எழுந்திருக்கிற சத்தம் வரும்னு காது காத்துக்கிட்டுத்தான் இருக்கு. உனக்கும் கேட்டுச்சான்னு அதான் கேட்டேன்" என்றார்.

அம்மா ஆவியை நம்புகிறார் என்று ஐந்து மாதமாக நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன்.

இருமல் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், மறைக்கக் கூடாது. நோட்டில் இருமல் என்று ஓர் இரவு குறித்திருக்கிறேன், 4.41. விழித்திருந்தேன் என்றும் என் கையெழுத்திலேயே இருக்கிறது. பதிவில் அந்த நிமிடத்தை இருபது முறை கேட்டுவிட்டேன். குழாய் தட்டுவது இருக்கிறது, இருமல் இல்லை.

இரவுப்பணி:

தட்டுச் சத்தத்தைத் தொடர்ந்து அப்பாவின் இருமலைக் காது தானே போட்டுக்கொண்டிருக்கலாம். தூக்கமும் விழிப்பும் உரசுகிற நேரம் அது. 'விழித்திருந்தேன்' என்று நாம் எழுதும்போதே பாதித் தூக்கத்தில் இருப்பதும் உண்டு. எனக்குத் தோன்றுவது இதுதான். உங்களுக்கு அது வேறாகத் தோன்றினாலும் நான் வாதாட வரமாட்டேன்.

குழாய்வேலை:

ஐயா, குழாய் உரசிக்கொண்டே இருந்தால் நாளடைவில் அந்த இடம் தேயும், சுவருக்குள் கசியும். கிளாம்பைத் தளர்த்தி நடுவில் ஒரு ரப்பர் துண்டு வைத்தால் போதும், அரை நாள் வேலை. சத்தம் அடியோடு நின்றுவிடும், அதனால் அம்மாவைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நாலரைமணி:

கேட்டேன். கசிந்தால் பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு வேண்டாம் என்கிறார். சுவரில் ஈரம் தெரிகிறதா என்று வாரம் ஒருமுறை நான் பார்த்துக்கொள்கிறேன்.